மாத்திரையின் வாய்

டாக்டர் அறைக் கதவு திறந்து பேர் கூப்பிட்டதும் இவர்தான் முதலில் எழுந்திருக்கப்போகிறார். எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போய், அவளை ஸ்டூலுக்குத் தள்ளிவிட்டு நல்ல நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்றேன் டாக்டர்" என்று ஆரம்பிப்பார். அவள் உடம்பைப் பற்றி அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மங்கையர்க்கரசி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். இந்தத் தில்லைநகர் டாக்டர்களுக்கெல்லாம் ஏசியை இப்படி வைத்தால்தான் படித்த படிப்புக்கு மரியாதை போலிருக்கிறது. எதிர் வரிசையில் ஒரு அம்மாள் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டு மருந்துச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேர்க்கிறது, இவளுக்கு நடுங்குகிறது, இரண்டு பேருக்கும் தொண்டையில் இருக்கிற அதே சுரப்பிதான் காரணம், ஒருத்திக்கு அது அதிகமாகச் சுரக்கிறது, ஒருத்திக்குச் சுரக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் மங்கையின் புருஷன் சிதம்பரநாதன், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படத்தைச் சாயங்காலத்தில் இன்னும் நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். காலையிலேயே ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு நேரே டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுமாம். உள்ளே போய் இவர் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. இவள் தின்கிற தைராய்டு மாத்திரையைக் குறைக்க வேண்டும், முடிந்தால் நிறுத்தவே வேண்டும், அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள். எதற்கு என்றால் அந்த மாத்திரை தின்னத் தொடங்கியதிலிருந்து இவள் எதிர்த்துப் பேசுகிறாள். வழக்கமாகப் பார்க்கிற லேடி டாக்டர், அதெல்லாம் தன்னால் குறைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டாள். அதனால்தான் சுரப்பிகளுக்கென்றே படித்த இந்த டாக்டர். பெண்டாட்டிக்கு வாய் வந்துவிட்டது என்று ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வந்த மனுஷன் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான் இருப்பார்.

வாய்தான். அன்றைக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்றுதான் அவளுக்கும் புரியவில்லை. மகள் தாரணியைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். தாரணிக்குக் காலேஜில் கடைசி வருஷம், இன்னும் பரீட்சைகூட எழுதவில்லை, மேலே படிக்க வேண்டும், வாத்தியாராக வேண்டும் என்று அந்தப் பெண் சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்பாரில்லை. மாப்பிள்ளைப் பையன் ஓசூரில் வேலை, நல்ல பையனாகவே இருக்கட்டும், ஒரு வார்த்தை பேசவில்லை, பஜ்ஜியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பேசியதெல்லாம் அவன் அம்மா. பரீட்சையெல்லாம் எதுக்கு, எங்க வீட்டுல என்ன கணக்கா பார்க்கப்போறா என்றாள். சிதம்பரநாதன் சிரித்தார். இவருடைய அம்மா, அத்தையும் சிரித்தாள். அப்புறம் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, ஏதோ புடவைத் தரம் விசாரிக்கிற மாதிரி, "பொண்ணு அதிகமா பேசாதில்ல?" என்று கேட்டாள். "பேசவே பேசாதுங்க, அப்படியே அவங்க அம்மா மாதிரி" என்று இவர் பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள், காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்த மங்கையின் வாய் திறந்தது. "என் பொண்ணு பேசுவா. நல்லா பேசுவா. இந்தச் சம்பந்தம் வேணாம். காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க." அவ்வளவுதான். தட்டுகூட நடுங்கவில்லை. தாரணி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை மங்கை இன்னும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடுகிறாள். அவர்கள் போனதும் இவர் வாசலிலேயே நின்று போன் பேசினார். தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, அவளுக்குத் தைராய்டு, வீரியமான மாத்திரை, அதோட வேகத்துல என்ன பேசறோம்னு தெரியாம பேசிட்டா, பாவம், டாக்டர்கிட்ட காட்டிக் குறைச்சிடறோம், வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வாங்க, அவளே உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பா. அவளே கேட்பாளாம். சாப்பிடுகிற மாத்திரையைக் குறைத்தால் சொன்ன சொல்லும் குறைந்துவிடும் என்று அந்த மனுஷனுக்கு எவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கை அவருக்கு மட்டும்தானா. அதுதான் இரண்டு மூன்று நாளாக நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தாரணி பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நிஜமா நீயா பேசினே, இல்ல அப்பா சொல்ற மாதிரி மாத்திரையா?" கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாத்திரை என்றால் ஞாயிற்றுக்கிழமை அது இருக்காது, அம்மா பழைய அம்மாவாகிவிடுவாள், தான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளத்தான் கேட்டாள். மங்கை பதில் சொல்லாமல் குழாயைத் திருகினாள். என்ன சொல்வது? அவளே பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விலங்கியல் நடத்தியவள். இதே பாடத்தை நடத்தியிருக்கிறாள். அட்ரினலின், இன்சுலின் இதெல்லாம் பால்காரர் மாதிரி, செல்லின் வாசலில் நின்று மணியடித்துவிட்டுப் போய்விடும், உள்ளே இருக்கிறவர்கள் ஓடியாடி வேலை பார்ப்பார்கள், உடனே நடக்கும், உடனே அடங்கும். ஸ்டீராய்டும் தைராய்டும் அப்படி இல்லை பிள்ளைகளே, அது நாத்தனார் மாதிரி, கேட்காமல் கொள்ளாமல் நேரே உள்ளே வந்து, அடுப்படியில் நின்று, இன்றைக்கு எதைச் சமைக்கணும் எதைச் சமைக்கக் கூடாது என்று சொல்லும். பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். ஸ்டீராய்டுக்கென்று, அதை வாங்கிக்கொள்கிற ஒரு ஏற்பி செல்லுக்குள்ளே காவலாளிகளோடு சும்மா உட்கார்ந்திருக்கும், ஸ்டீராய்டு வந்து கையைப் பிடித்ததும் காவலெல்லாம் உதறிவிட்டு இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய் ஜீன் மேல் உட்காரும். தைராய்டின் ஏற்பி அந்த அலைச்சல்கூடப் படாது. அது முன்னாடியே போய் ஜீன் மேல் உட்கார்ந்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். ஹார்மோன் வருகிற வரைக்கும் பொத்தின கையை எடுக்காது. வந்தால்தான் எடுக்கும். அப்போதுதான் ஜீன் பேசும். கை எடுக்கப் பல நாள் ஆகும், மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் ஆளே மாறிப்போகும். சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்ன பாடம். பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி. தன் வாயைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அப்போதே அவளுக்கு இந்த வியாதி இருந்திருக்கும். எப்போது ஆரம்பித்தது என்று யார் கண்டது? தாரணி பிறந்த பிறகா? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, குரல் கம்மியது, கை கால் வீங்கி வளையல் ஏறவில்லை, மாதவிடாய் வந்தால் நிற்காது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டே தூங்குகிறவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். வீட்டில் அவளுக்கு வைத்த பேர்களை அடுக்கினால் ஒரு சகஸ்ரநாமம் தேறும். சோம்பேறி. மந்தம். எருமை. "ஏய் எருமை, தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று இவர் கேட்பார், கேட்டுவிட்டு வேடிக்கை மாதிரி சிரிப்பார். கல்லு மாதிரி நிக்கறா பாரு, எது சொன்னாலும் உறைக்காது என்று அத்தை சொல்வாள், ஆனால் அதே கல்லைத்தான் ஊர் முழுக்க, என் மருமக வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது என்று புகழ்ந்துகொண்டு திரிவாள். ஆமாம், அவர்களுக்குச் சௌகரியமான வியாதி அது. உறைக்காது, எதிர்த்துப் பேசாது, எழுந்து போகாது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கரும்பலகையில் தூங்குகிற டீச்சர் படம் போட்டார்கள், தலைமையாசிரியர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. ரத்தப்போக்குக்காகப் போன இடத்தில்தான் அந்த லேடி டாக்டர் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துக் கழுத்தைத் தொட்டாள். "எத்தனை வருஷமாம்மா இப்படி இருக்கீங்க? யாருமே கவனிக்கலையா?" கவனிக்கவில்லையா? நன்றாகத்தான் கவனித்தார்கள். கவனித்துப் பேரெல்லாம் வைத்தார்களே. அன்றைக்குத் தைராய்டுக்கு, ரத்தக்குறைவுக்கு, எலும்புக்கு என்று மூன்று மாத்திரையோடு வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சொன்னபோது ஒருத்தரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அத்தை மட்டும், "எதுவா இருந்தாலும் வெறும் வயித்துல போட்டுடாதே, குடல் வெந்து போயிடும், எல்லாத்தையும் ஒண்ணா காபி குடிச்சிட்டுப் போடு" என்றாள். அந்த வீட்டில் அவள் உடம்பை உத்தேசித்து வந்த ஒரே அக்கறையான வார்த்தை அதுதான், மங்கைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

மருந்து என்றால் இந்த வீட்டுக்குப் புதுசா என்ன. இவருக்கு இளைப்பு வந்ததே, உறையூர் வீட்டுக்குக் குடிவந்த வருஷம், நெஞ்சுச்சளி டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டது, நாள் முழுக்கப் பசி, நாள் முழுக்க எரிச்சல். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூட என்று பாத்திரத்தோடு விட்டெறிந்தார், சுவரெல்லாம் முருங்கைக்காய். அப்போது அத்தை என்ன சொன்னாள்? "அவன் என்ன பண்ணுவான், மாத்திரை சூடு, நீதான் பொறுத்துக்கணும்." மங்கையும் பொறுத்துக்கொண்டாள், சுவரைத் துடைத்துக்கொண்டே ஏற்பியையும் உட்கருவையும் நினைத்துக்கொண்டாள், படித்தவளில்லையா, விஞ்ஞானமாகவே மன்னித்தாள். பார்த்தீர்களா நியாயத்தை. ஆம்பிளை மாத்திரை தின்று கத்தினால் பொறுத்துக்கொள், பொம்பிளை மாத்திரை தின்று பேசினால் மாத்திரையை நிறுத்து. சரி, அந்த மாத்திரையை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று, அதற்கப்புறமும் எறிந்தாரே? போன பொங்கலுக்கு ரிமோட்டை எறிந்தாரே? உடம்புல இன்னும் ஊறியிருக்கு என்றாள் அத்தை. ஊறியிருக்குமாம், என்ன ஊறுகாயா. அது சரி, அதற்கு முன்னாடி? இளைப்புக்கு முன்னாடி எறிந்திருக்கிறாரா? இங்கேதான் மங்கைக்கு யோசனை முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் ஒரு நசுங்கின எவர்சில்வர் சொம்பு இருக்கிறது, அதன் இடுப்பில் கட்டைவிரல் வைக்கிற மாதிரி ஒரு பள்ளம். அது எப்போது நசுங்கியது? மாத்திரைக் காலத்திலா? அவள் மனசில் அதை எப்போதும் மாத்திரைக் கணக்கில்தான் வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சொம்பில் தாரணிக்குப் பால் ஆற்றியிருக்கிறாள், பள்ளம் விரலில் தட்டும். அது உறையூருக்கு வருவதற்கு முன்னால் இருந்த கருமண்டபத்து வாடகை வீட்டில். ஆமாம், அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான் உருண்டது, தொட்டிலுக்குக் கீழே போய் நின்றது, குழந்தை விழித்து அழுதது. கருமண்டபத்தில் இவருக்கு ஏது இளைப்பு? ஏது மாத்திரை? இத்தனை வருஷமாக மாத்திரை தலையில் போட்டு மன்னித்தது இந்த மனுஷனையா? பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாரே, இந்த நல்ல ஆரோக்கியமான மனுஷனையா? வாயெல்லாம் கசந்தது அவளுக்கு.

கசப்போடு பயமும் வந்தது. எறிந்தது அவர்தான், மாத்திரை இல்லை. அப்படியென்றால் நான் பேசியது? அவர் கோபம் அவருக்குச் சொந்தம், என் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மருந்துக் கம்பெனிக்குச் சொந்தமா? நாளைக்கு டோஸைக் குறைத்துவிட்டால், ஜீன் மேல் உட்கார்ந்திருக்கிற அந்தக் கை மறுபடி வாயைப் பொத்திவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்து உட்காரும்போது தான் பழையபடி தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணைச் சொருகிக்கொண்டு, மன்னிச்சுக்குங்க சம்பந்தியம்மா என்று கம்மின குரலில் சொல்லிக்கொண்டு நிற்பாளோ? நின்றால் தாரணி பார்ப்பாளே. இல்லை, இல்லை, யோசித்துப் பார், அவள் தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டாள், ஹார்மோன் புதிதாக எதையும் எழுதுவதில்லை, செல்லுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் படிக்க வைக்கிறது, அவளுக்குள் இல்லாத சொல்லை எந்த மாத்திரையும் கொண்டுவந்து வைக்க முடியாது, அது அவளுடைய ஜீன், அவளுடைய சொல், மாத்திரை கதவை மட்டும்தான் திறந்தது. நல்ல வாதம். ஆனால் இதை ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜித் தட்டுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால், பாருங்க, மருந்து பேசுது என்பார் இவர். அதற்குமேல் என்ன சொன்னாலும் அதுவும் மருந்துதான். அப்படி ஒரு பொறியில் மாட்டிவிட்டார்கள். அவள் கையைப் பார்த்தாள். வளையல் இன்னும் இறுக்கித்தான் பிடித்திருந்தது. காலையில் தலை வாரினபோது சீப்பில் இன்னும் அதே கொத்து. மத்தியானம் பருப்பு வேகிற விசில் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். குளிர் வேறு. அங்கேயெல்லாம் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, மெதுவாகத்தான் போகும், வாயை மட்டும்தான் முதலில் எழுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் தூங்க, வாய் மட்டும் விழித்திருக்கிற வினோதமான குணம் இந்த மாத்திரைக்கு. எதிர் வரிசை அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டு வந்துவிட்டாள், அடுத்தது யார், கண் இழுத்துக்கொண்டு போகிறது, கருமண்டபத்துச் சொம்பு உருள்கிறது, தொட்டிலுக்குக் கீழே போகிறது, அதை எடுக்கக் குனிகிறாள், அம்மா நிஜமா நீயா, நீயா என்று யாரோ.

"மங்கையர்க்கரசி யாரும்மா?" சிஸ்டர் இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் விழித்தாள். நினைத்த மாதிரியே இவர் சட்டையை இழுத்துவிட்டார், கனைத்தார், நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் அஃப்ரின் சின்னப் பெண், தாரணியைவிடப் பத்து வயசு கூட இருந்தால் அதிகம், தலையில் முக்காடு, மூக்குக் கண்ணாடி. "நான் சொல்றேன் டாக்டர்" என்றார் சிதம்பரநாதன். "முந்தியெல்லாம் தங்கமான மனுஷி, வாயத் தொறக்கவே மாட்டா. இந்த மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து ரொம்பக் கோவம். வீட்டுக்கு வந்தவங்களை எந்திரிச்சுப் போகச் சொல்றா டாக்டர். டோஸ் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைக்கிறேன், நீங்க பாத்துக் குறைச்சிடணும்." டாக்டர் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மங்கையின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்கீங்க?" இத்தனை பெரிய கேள்வியை மங்கை எதிர்பார்க்கவில்லை. எதைச் சொல்வது? தாரணியை, சொம்பை, ஞாயிற்றுக்கிழமையை? "குளிருது டாக்டர்" என்றாள், சொல்லிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்தாள். கண் இமையைத் தொட்டுப் பார்த்தாள், கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அவளை நாற்காலியில் மண்டிபோட வைத்து, அதற்காக இவரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினாள். பாதம் உதறிவிட்டு, திரும்பி வருவதற்கு யோசித்து யோசித்து வந்தது. டாக்டர் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், புருவம் நெரிந்தது. "மாத்திரையைத் தினமும் போடுறீங்களா?" "ஒரு நாள்கூட விடலை டாக்டர்." "எப்படிப் போடுறீங்க?" "காலையில எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டு, நானும் குடிச்சிட்டு, அதோடயே மூணு மாத்திரையையும் ஒண்ணா முழுங்கிடுவேன். இரும்புச் சத்து, கால்சியம், இது." "காபியோடவா? மூணையும் ஒண்ணாவா?" "வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துடும்னு அத்தை சொன்னாங்க." "எங்க அம்மா சொன்னது சரிதானே டாக்டர்?" என்றார் இவர் நின்றபடியே. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த ஒரு மாத்திரையை மட்டும் வெறும் வயித்துலதான் சார் போடணும், வெறும் தண்ணியில. இரும்பும் கால்சியமும் இதைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கும், காபி வேற சேர்ந்தா கேக்கவே வேணாம். ரத்தத்துக்குப் போனாத்தானே உடம்புக்குப் போகும்? போன வருஷம் இருந்த அளவு, இன்னிக்கும் கிட்டத்தட்ட அதேதான். டோஸ் ஜாஸ்தியெல்லாம் ஆகலை. மாத்திரை இவங்க உடம்புல இன்னும் வேலையே ஆரம்பிக்கலை." "அப்ப இந்தக் கோவம்?" என்றார் சிதம்பரநாதன். "அது எனக்கு எப்படி சார் தெரியும், அவங்களைத்தான் கேக்கணும்" என்று டாக்டர் புதுச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் தண்ணீரோடு போட வேண்டும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது, மற்ற இரண்டும் ராத்திரி. எழுதி முடித்து மங்கையின் கையில் கொடுத்தாள், இவர் நீட்டின கையில் இல்லை.

வேலையே ஆரம்பிக்கவில்லை. மங்கை படியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை அதைச் சொல்லிக்கொண்டாள். செல்லுக்குள் போவதை, ஏற்பியைப் பிடிப்பதை, கையை எடுப்பதை எல்லாம் படம் போட்டு நடத்தினாளே, அந்த மாத்திரை அவள் வீட்டுக் காபியைத் தாண்டவில்லை. வாசலுக்கே வரவில்லை. அத்தையின் ஒரே அக்கறையான வார்த்தை அதைக் குடலிலேயே உட்கார வைத்துவிட்டது. பொத்தின கை பொத்தினபடியே இருந்திருக்கிறது, எந்தக் கதவும் திறக்கவில்லை, குளிர் போகவில்லை, முடி நிற்கவில்லை, பாதம் யோசித்து யோசித்துத்தான் திரும்புகிறது. அப்படியே இருந்துகொண்டுதான், அந்தக் கை வாயில் இருக்கும்போதேதான், அவள் பேசியிருக்கிறாள். சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு எதைக் காரணம் சொல்வது? சுரப்பி, சுரப்பி என்று போன வருஷத்திலிருந்து மனசுக்குள் ஒரு ஆறுதல் வைத்திருந்தாளே, என்னால் முடியவில்லை, உடம்பு விடவில்லை என்று? உடம்பு விடாமலேதான் அன்றைக்குப் பேசினாள். என்றைக்கு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். சொம்பு உருண்ட அன்றைக்கே பேசியிருக்கலாம். எருமை என்ற முதல் தடவையே, அட, ஒரு முறை முறைத்தாவது இருக்கலாம். எல்லாம் போச்சு. யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் மிச்சப் படிகளையும் இறங்கினாள்.

கீழே ஸ்கூட்டரை எடுக்காமல் சிதம்பரநாதன் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. அவளை ஒரு தடவை பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "இப்பவே இந்த வாயா இருக்கே," என்றார், பாதி அவளிடம், பாதி சாவியிடம், "அந்த மாத்திரை வேலை வேற செய்ய ஆரம்பிச்சா என்ன ஆகும்?" "காலையில காபியை இனிமே நீங்களே போட்டுக்குங்க" என்றாள் மங்கை, "மாத்திரையைப் போட்டுட்டு அடுப்படி வாசனையில நின்னா எனக்கும் குடிக்கத் தோணும்." அவர் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்களே, அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் கடைசியில், குரலில் முதல் தடவையாகக் கேள்வி கேள்வியாகவே இருந்தது. மங்கை பையைத் திறந்து தன் போனை எடுத்தாள். விரல் வீங்கியிருந்ததால் ஒரு தடவை தப்பாக அழுந்தி, அப்புறம் சரியாக அழுந்தியது. மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

"தாரணி."

"என்னம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க? குறைச்சிட்டாங்களா?"

"நீ அன்னிக்குக் கேட்டியே, நான் பதில் சொல்லாம நின்னேனே." குரல் கம்மித்தான் வந்தது, எப்போதும்போல. "மாத்திரை இல்லடி. நான்தான் பேசினேன்."